கல்லூரிக் கட்டடங்களின் ஏ.சி., மின் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழக வளாகத்தில் புதிதாக எழும் கட்டடத்துக்கு ஏ.சி., காற்றோட்டம், மின்சாரம் ஆகியவற்றை வடிவமைக்க அமரும் பொறியாளர், கட்டட வரைபடத்தோடு அந்தத் துறையின் கால அட்டவணையையும் கேட்டு வாங்க வேண்டும். வகுப்பறை ஐந்து நிமிடத்தில் நிரம்பி, ஐம்பது நிமிடத்தில் காலியாகும். ஆய்வகம் நள்ளிரவிலும் இயங்கும். விடுதியில் மின்சாரம் மிகுதியாகச் செலவாகும் விடியற்காலையில் வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கும். இதை அறியாமல் அலுவலகக் கட்டடத்தின் கணக்கை அப்படியே எடுத்துப் போடுவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

'120 சதுர அடிக்கு ஒரு டன்' என்ற வாய்க்கணக்கு அவற்றுள் முதலாவது (டன் என்பது ஏ.சி.யின் குளிர்விக்கும் திறனின் அளவு, சுமார் 3.5 கிலோவாட்). சென்னையில் 750 சதுர அடி வகுப்பறைக்கு இந்தக் கணக்கில் ஆறு டன் வரும். அங்கே உட்காரும் 60 மாணவர்களின் உடல் வெப்பமே ஆளுக்குச் சுமார் 120 வாட் என்று பார்த்தால் ஏழு கிலோவாட், அதாவது இரண்டு டன் ஆகிவிடுகிறது. அவர்கள் சுவாசிக்க நொடிக்குச் சுமார் 340 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். கோடையில் ஈரப்பதம் மிகுந்த அந்தக் காற்றைக் குளிர்விக்க ஏறத்தாழ நான்கு டன் தேவைப்படும். மேல்தளமும் சன்னல்களும் உள்ளே விடும் வெயிலைக் கணக்கில் சேர்ப்பதற்கு முன்பே ஆறு டன் தீர்ந்துவிட்டது.

இந்தச் சிக்கலிலிருந்து தப்பப் பலரும் செய்வது, வெளிக்காற்றையே மறந்துவிட்டு நான்கு ஸ்பிளிட் ஏ.சி.யை மாட்டிவிடுவது. ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். புதுக்காற்றைக் கொண்டு வராது. சன்னல்களை இறுக மூடிய 210 கன மீட்டர் அறையில் 60 பேர் அமர்ந்தால், கரியமில வாயு ஏழு நிமிடத்தில் 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கு) அளவைத் தாண்டிவிடும், கதவிடுக்கு வழியாகக் காற்று கசியாவிட்டால் வகுப்பு முடிவதற்குள் 4000-க்கும் மேலே போகும். மதிய வகுப்பில் பிள்ளைகள் கண் சொருகுவதற்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. வெளியேறும் குளிர்காற்றைக் கொண்டே உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் குறைக்கும் ஆற்றல் மீட்புச் சாதனத்தைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்தால் மேற்சொன்ன நான்கு டன் பாதியாகக்கூடக் குறையும்.

வேதியியல் ஆய்வகத்தில் இதே தவறு ஆபத்தாக மாறுகிறது. ஒரு கல்லூரியில், ஃபியூம் ஹூட்கள் (நச்சுப் புகையை இழுத்து வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டுகள்) ஓடும்போது ஆய்வகக் கதவைத் திறக்க முடியவில்லை என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தபோது ஒரு மாணவி தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒன்றரை மீட்டர் அகல ஹூட்டின் கண்ணாடியை அரை மீட்டர் உயர்த்தி, முகப்பில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று இழுக்கப்பட்டால், மணிக்கு 1350 கன மீட்டர் காற்று வெளியேறும். அங்கே ஆறு ஹூட்கள் இருந்தன. அவ்வளவு காற்றுக்கு ஈடாக உள்ளே அனுப்ப ஒரு விசிறிகூட வரைபடத்தில் இல்லை. அறையின் அழுத்தம் 50 பாஸ்கல் குறைந்தாலே இரண்டு சதுர மீட்டர் கதவின் மேல் பத்துக் கிலோ எடை சாய்ந்ததற்கு ஒப்பான விசை விழும். கதவைவிட என்னைக் கவலைப்படுத்தியது வேறொன்று: போதிய காற்று கிடைக்காத ஹூட்கள் அமிலப் புகையைச் சரியாக இழுக்காமல் அறைக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தன. ஹூட்டையும் ஈடுகாற்று விசிறியையும் ஒன்றோடொன்று இணைத்தே வடிவமைக்க வேண்டும். புகைபோக்கியின் வாயை வெளிக்காற்று எடுக்கும் இடத்துக்கு அருகில் வைக்கவே கூடாது.

கணினி ஆய்வகங்களில் மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியை, மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியைவிடச் சிறியதாகப் போடுவது பழைய பழக்கம். கணினிகள் உண்டாக்கும் மூன்றாம் ஹார்மோனிக் (வழக்கமானதைப் போல மூன்று மடங்கு அலைவெண் கொண்ட) மின்னோட்டம் நியூட்ரலில் ஒன்றையொன்று அழிக்காமல் கூடிக்கொண்டே போவதால், கோட்பாட்டளவில் அது ஃபேஸ் மின்னோட்டத்தின் 1.73 மடங்கு வரை உயரலாம். அதே அறையில் 20 கணினிகளை ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யில் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம்) இணைத்தால், ஒவ்வொன்றிலிருந்தும் கசியும் ஓரிரு மில்லி ஆம்பியர் சேர்ந்து, பழுது எதுவும் இல்லாமலேயே அது ட்ரிப் ஆகும். அடிக்கடி ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி.யை யாராவது ஒருநாள் பைபாஸ் செய்துவிடுவார்கள். அதன் பிறகு மாணவர்களுக்கு ஷாக்கிலிருந்து பாதுகாப்பு இல்லை. எட்டுப் பத்து கணினிகளுக்கு ஒன்றாகப் பிரித்துப் போடுவது பெரிய செலவன்று.

டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. எல்லாக் கட்டடங்களின் கனெக்டட் லோடையும் (இணைத்துள்ள சாதனங்கள் அனைத்தின் மொத்த மின்திறன்) கூட்டி, அதற்கேற்ற பெரிய டிரான்ஸ்ஃபார்மரையும் டிமாண்டையும் (மின்வாரியத்திடம் கேட்டுப் பெறும் உச்ச மின்தேவை அளவு) வாங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புக்கு, பதிவான டிமாண்ட், அனுமதி பெற்ற டிமாண்டில் 90 விழுக்காடு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். வளாகமே ஓய்ந்திருக்கும் மே மாதத்திலும் அந்தத் தொகை குறையாது. விடுதியின் உச்சமும் வகுப்பறைகளின் உச்சமும் வெவ்வேறு நேரத்தில் வருவதால், இரண்டையும் ஒரே துணை மின்நிலையத்தில் சேர்த்து மணிவாரியாகக் கணக்கிட்டால் தேவையான அளவு தெளிவாகத் தெரிந்துவிடும்.

அந்தத் துணை மின்நிலையத்தையும் டி.ஜி. செட் என்னும் டீசல் ஜெனரேட்டரையும் நிலத்தடித் தளத்தில் வைக்கக் கட்டடக் கலைஞர் விரும்பக்கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையில் பார்த்தவர்கள் அதற்கு உடன்படக் கூடாது. டக்ட் (ஏ.சி. காற்று செல்லும் குழாய்), கேபிள் டிரே, தண்ணீர்க் குழாய் ஆகியவை பீம்களைக் கடக்கும் இடங்களையும் கான்கிரீட் போடுவதற்கு முன்பே ஒரே வரைபடத்தில் குறித்து, அங்கெல்லாம் ஸ்லீவ் (வழிவிடும் துளைக்குழல்) வைத்துவிட வேண்டும். பிறகு கோர் கட்டிங் இயந்திரத்தைக் கொண்டுவந்து பீமைத் துளைக்கும்போது உள்ளிருக்கும் கம்பியும் சேர்ந்து அறுபடும்.