மணலில் வளர்ந்த நாயை மருத்துவமனைக்குப் பழக்குதல்

மருத்துவமனையில் இருக்கும் நோயுற்ற குழந்தைகளுக்கு ஆறுதலாக நாயை அழைத்துச் செல்ல விரும்புவோர் பெரும்பாலும் அதற்கு வித்தை கற்றுக்கொடுப்பதில்தான் முதலில் இறங்குகிறார்கள். கைகொடுக்கத் தெரிந்த நாயைவிட, முன்பின் அறியாத பிள்ளை காதைப் பிடித்து இழுத்தாலும் பதறாமல் படுத்திருக்கும் நாயே அங்கே தேவை. ஒரு வயது நிறையாத குட்டி இதற்கு ஆகாது.

நம் கடலோரத்தில் முதலில் திருத்த வேண்டியது தீனி. மண்டபம், பாம்பன் கரைகளில் வலையிலிருந்து உதறப்படும் கழிவு மீனைத் தின்று வளரும் நாய்கள் ஏராளம். பச்சை மீனிலும் இறைச்சியிலும் உள்ள சால்மோனெல்லா போன்ற கிருமிகள், நாய்க்கு எந்த நோயும் தராமலே அதன் மலத்தின் வழியாகப் பிறருக்குப் பரவக்கூடும் என்பதால், குறைந்தது 90 நாள்களுக்கு முன்பிருந்தே வேகவைத்த உணவை மட்டும் கொடுத்து, கரைக்குக் கூட்டிப்போனாலும் கயிற்றை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ரேபிஸ், எலிக்காய்ச்சல் தடுப்பூசிகள், குடற்புழு நீக்கம், உண்ணி ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

அடுத்தது தரை. மணலில் அம்பாய்ப் பாயும் என் நாய், டைல்ஸ் பதித்த நடைகூடத்தில் முதன்முறை கால் வைத்தபோது நான்கு கால்களும் நான்கு பக்கம் விலக, வயிறு தரையில் பட நின்று நடுங்கியது. நகத்தை வெட்டி, பாதத்தின் அடியில் வளர்ந்த முடியைக் கத்தரித்து, வழுவழுப்பான தரையில் சாக்கு விரித்து நடக்கவிட்டு, நாளுக்கு ஒரு சாக்காகக் குறைத்தபின்தான் அச்சம் தெளிந்தது. சக்கர நாற்காலி உருளும் ஓசைக்கும், எவர்சில்வர் தட்டு விழும் ஓசைக்கும் தொலைவிலிருந்து தொடங்கி, பிஸ்கட் கொடுத்து மெல்ல மெல்ல அருகில் கொண்டுவாருங்கள். 'விடு' என்ற சொல்லுக்கு அது கட்டாயம் கட்டுப்பட வேண்டும்; வார்டில் மாத்திரை கீழே விழுவது சாதாரணம்.

குழந்தையைப் பார்க்கும் மருத்துவரின் அனுமதியோடு பெற்றோரின் இசைவும் வேண்டும். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவித் தூய்மை செய்ய வேண்டும் எனக் கருதும் குடும்பங்கள் கீழக்கரைப் பக்கம் உண்டு. அவர்கள் வேண்டாம் என்றால் மறுபேச்சின்றி விலகுவதே மரியாதை.

செல்லும் நாளில் நாயைக் குளிப்பாட்டுங்கள். தொடுவதற்கு முன்னும் பின்னும் குழந்தை கை கழுவட்டும்; புண்ணையோ முகத்தையோ நாய் நக்க விடாதீர்கள். தூக்கமின்றியே கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, வாலை ஒடுக்குவது எல்லாம் போதும் என்று அது சொல்வதாகும். அப்போது பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சினாலும் வெளியே கூட்டிவந்து, நிழலில் தண்ணீர் வையுங்கள்.