காற்றைப் பிரிக்கும் ஆலையில் நடக்கும் தவறுகள்

காற்று சேர்மம் அல்ல, கலவை. அதைப் பிரிக்க வேதிவினை எதுவும் தேவையில்லை. திரவமாக்கி, கொதிநிலை வித்தியாசத்தை வைத்துக் காய்ச்சி வடிக்கிறார்கள். நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், ஆக்சிஜன் மைனஸ் 183-இல். இடையில் மைனஸ் 186-இல் ஆர்கான். அதைத் தனியாக எடுப்பதுதான் பெரும்பாடு.

இவ்வளவு குளிர் என்றதும் எல்லோர் கவனமும் குளிர் மீதே போய்விடுகிறது. முதல் தவறு அதுதான். ஆலையைக் கவிழ்ப்பது பெரும்பாலும் காற்றோடு உள்ளே வரும் அழுக்கு. ஈரமும் கரியமில வாயுவும் உறைந்து குழாயை அடைக்கும். அவற்றைப் பிடிக்கத்தான் மாலிகுலர் சீவ் (இவற்றைப் பிடித்துவைக்கும் நுண்துளை மணிகள்) நிரப்பிய தொட்டிகள் இரண்டு: ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்றைச் சூடான வாயுவால் புதுப்பிப்பார்கள். உள்ளே வரும் காற்று சரியாகக் குளிரவில்லை என்றால் ஈரச்சுமை ஏறி, தொட்டி நேரத்துக்கு முன்பே நிரம்பிவிடும். அப்போதும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் மாற்றுவேன் என்றால் வம்புதான். வெளியேறும் காற்றில் கரியமில வாயு தலைகாட்டுகிறதா என்று அளவி சொல்லும், அதை நம்புங்கள். அது கசிந்தால், பின்னாலேயே எளிதில் வெடிக்கும் அசிட்டிலீன் வாயுவும் வரக்கூடும்.

ஆனால் புரொப்பேன் போன்ற, எரியக்கூடிய சில ஹைட்ரோகார்பன்களை அந்தத் தொட்டி முழுதாகப் பிடிக்காது. அவை ரீபாய்லரில் (காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் அடியில் திரவத்தைக் கொதிக்கவைக்கும் பகுதி) கொதிக்கும் திரவ ஆக்சிஜனில் போய்ச் சேரும். ஆக்சிஜன் ஆவியாக ஆவியாக அவற்றின் செறிவு கூடிக்கொண்டே போய், வெடிக்கும் அபாயம் வரும். அதனால்தான் கொஞ்சம் திரவத்தைத் தொடர்ந்து வெளியே எடுக்க வேண்டும். உற்பத்தியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த வால்வை இறுக்குவதும், திரவ மட்டத்தைத் தாழவிட்டு ரீபாய்லரை வறளவிடுவதும் என் கணக்கில் மன்னிக்கவே முடியாத தவறுகள். 1997 டிசம்பர் 25-இல் மலேசியாவின் பிந்துலுவில் ஓர் ஆலை வெடித்தது. காட்டுத்தீப் புகையின் நுண்துகள்கள் சுத்திகரிப்பைத் தாண்டி ரீபாய்லரில் சேர்ந்து பற்றிக்கொள்ள, ரீபாய்லரின் அலுமினியமே எரிந்தது. காற்றை உறிஞ்சும் இடத்தைச் சுற்றி என்ன புகைகிறது என்பதையும் கவனிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆக்சிஜன் குழாயில் எண்ணெய், கிரீஸ் கூடவே கூடாது. இது பலருக்கும் தெரியும். நைட்ரஜன் விஷமில்லையே என்று மூடிய தொட்டிக்குள் இறங்குகிறவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். அதற்கு வாசனை இல்லை, மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாமல் மயங்கிவிடுவார்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உள்ளே போகக்கூடாது. ஆக்சிஜன் அதிகமான இடத்திலிருந்து வந்தவரும் உடனே நெருப்புப் பக்கம் போகக்கூடாது. துணியில் தங்கிய ஆக்சிஜன் காற்றோட்டத்தில் வெளியேறச் சற்று நேரம் பிடிக்கும்.