கபானாவோடு ஒரு சவுனாக் கொட்டில்: மட்டக்களப்பு, அம்பாறைக் கரைக்கு ஏற்றபடி கட்டுவது எப்படி

பாசிக்குடாவிலோ அறுகம்குடாவிலோ விருந்தினர் தங்கும் கபானா வைத்திருப்பவர், உட்கார்ந்து வியர்க்கும் சூட்டறையான சவுனாவைக் கட்டப்போகிறேன் என்றால், "இந்த வெக்கையில் அது எதற்கு?" என்றுதான் யாரும் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பின்லாந்தில் 80, 90 பாகைச் சூட்டில் இருந்துவிட்டு வெளியே வந்தால் குளிர்ந்த ஏரி இருக்கிறது. அந்தச் சூடும் குளிரும் சேர்ந்ததுதான் சவுனா. 2020இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டதும் அந்த முழுப் பழக்கத்தைத்தான். நம் கரையில் கதவைத் திறந்தால் 30 பாகை, ஈரக்காற்று. வியர்வை காயாது, உடம்பும் ஆறாது. அதனால் இங்கே சூட்டறைக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியையாவது ஆறுமிடத்துக்குக் கொடுக்க வேண்டும்.

காலத்தையும் பாருங்கள். கார்த்திகையிலிருந்து தை வரை மழையும் வாடையும். கடல் குழம்பிக் கிடக்கும், அறுகம்குடாவில் அலைச்சறுக்க வருவோரும் இருக்கமாட்டார்கள். சவுனா ருசிக்கும் மாதங்கள் அவைதான். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் மாலை ஆறு மணிக்குப் பிறகு மட்டும் மூட்டுங்கள்.

ஆறுமிடம்

சூட்டறைக் கதவிலிருந்து பத்து எட்டு வைக்கும் தூரத்துக்குள், வாடைக்கு முகம் கொடுத்த திறந்த திண்ணை ஒன்று வேண்டும். கூரை இருக்கட்டும், சுவர் வேண்டாம். கண்மறைவுக்குச் சற்றுத் தள்ளிக் கிடுகு வேலி கட்டினால் காற்றும் வரும். பக்கத்தில் நிழலான இடத்தில் இடுப்பளவு சீமெந்துத் தொட்டி. கிணற்று நீரை மாலையில் இறைத்து நிரப்புங்கள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மேல்தாங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டால் வெந்நீர்தான் வரும். வாளியும் கோப்பையுமாக அள்ளி ஊற்றிக் குளிப்பது ஷவரைவிட விரைவாக உடம்பை ஆற்றும்.

வாவியிலோ குளத்திலோ இறங்கச் சொல்லாதீர்கள். மட்டக்களப்பு வாவியிலும் இப்பகுதிக் குளங்களிலும் முதலை உண்டு. இருட்டில், தலை கிறுகிறுத்த நிலையில் விருந்தினர் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. இதை அறையில் எழுதி ஒட்டுங்கள், வாயாலும் சொல்லுங்கள்.

அளவும் மின்சாரமும்

ஒரு குடும்பத்துக்கு 6 அடி நீளம், 5 அடி அகலம், 7 அடி உயரம் போதும். பெரிதாகக் கட்டினால் சூடேற நேரமெடுக்கும், பில்லும் ஏறும். மின் அடுப்புக்கு ஒரு கன மீற்றருக்கு 1 கிலோவாற் என்று கணக்கு. இந்த அறை ஏறக்குறைய 6 கன மீற்றர், ஆக 6 கிலோவாற் அடுப்பு. படத்தில் அழகாகத் தெரியும் முழுக் கண்ணாடிக் கதவைப் போட்டால், கண்ணாடியின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் இன்னொரு 1.2 முதல் 1.5 கன மீற்றரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதே அடுப்பு அப்போது போதாது. பலகைக் கதவில் சிறு கண்ணாடி வைப்பதே நல்லது.

6 கிலோவாற் அடுப்பு 230 வோல்ற்றில் 26 அம்பியர் இழுக்கும். 30 அம்பியர் ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) இணைப்புள்ள வளவில் அடுப்பைப் போட்டபிறகு ஏசி ஒன்றைத் தட்டினாலே பிரேக்கர் விழுந்துவிடும். மூன்று கட்ட இணைப்பாக மாற்றினால் கட்டத்துக்கு 9 அம்பியருக்குள் அடங்கும். அடுப்புக்குத் தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த். அடுப்பை ஒட்டிய கடைசித் துண்டு வயர் வெப்பம் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண பிவிசி இளகிவிடும்.

விறகடுப்பு வைப்பதென்றால் கிடுகும் வைக்கோலும் கிட்டவே ஆகாது. கபானாக் கூரை ஓலையென்றால் சவுனாவைத் தள்ளிக் கட்டி ஓடோ தகரமோ போடுங்கள். கச்சான் அடிக்கும் நாளில் புகைபோக்கியிலிருந்து பறக்கும் ஒரு பொறி போதும். அடுப்பைச் சுற்றி மறைக்க அஸ்பெஸ்டஸ் சீற்றை வெட்டிப் பாவிக்கவே வேண்டாம்.

சுவரும் பலகையும்

மாரியில் மணல் நிலத்தில் தண்ணீர் மேலே வந்துவிடும், ஆகவே அத்திவாரத்தை 2 அடி உயர்த்துங்கள். தரை சீமெந்து, வாசல் பக்கம் சிறு சரிவோடு. சுவர் உள்ளிருந்து வெளியே இந்த ஒழுங்கில் வர வேண்டும்: பலகை, ஒரு விரல் இடைவெளி, அலுமினியத் தாள், சூட்டை வெளியே விடாத ரொக்வூல் (பாறைநார்ப் பஞ்சு) 2 முதல் 4 அங்குலம், வெளிச்சுவர். தாளின் பளபளப்புப் பக்கம் அறையைப் பார்க்கட்டும். ஒவ்வொரு பொருத்தையும் அலுமினிய டேப்பால் ஒட்டுங்கள். ஒட்டாத இடத்தால் ஆவி புகுந்து ரொக்வூல் நனைந்தால், வெளியே தெரியாமலே சட்டம் உக்கிவிடும். ரொக்வூலுக்குப் பதில் ரெஜிபோம் மலிவுதான், ஆனால் இந்தச் சூட்டில் சுருங்கும்.

பலகை இலேசானதாகவும் பால் வடியாததாகவும் இருக்க வேண்டும். முதிரையும் பாலையும் கட்டிட வேலைக்கு அருமையான மரங்கள், ஆனால் கனமான மரம் சூட்டைத் தேக்கி உடம்பைச் சுடும். லுணுமிதெல்ல என்று விற்கும் மலைவேம்பு பொருத்தமானது. உள்ளே வார்னிஷ், பெயின்ற், கறையான் மருந்து எதுவும் வேண்டாம். சூட்டில் அதன் புகையைத்தான் மூச்சில் இழுப்பார்கள். கறையானை அத்திவாரத்திலேயே மறியுங்கள்.

மேல் வாங்கு தரையிலிருந்து மூன்றரை அடி, கீழ் வாங்கு ஒன்றரை அடி. மேல் வாங்கின் அகலம் 2 அடி. மூன்றரை அங்குலச் சட்டங்களுக்கு இடையே ஒரு விரல் விட்டு அடிக்க வேண்டும். ஓடாவியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: ஸ்க்ரூ எல்லாம் வாங்கின் அடியிலிருந்து ஏற வேண்டும், ஸ்டெயின்லெஸ் ஆக இருக்க வேண்டும். மேலே தலைகாட்டும் ஒற்றை ஆணி 80 பாகையில் தொடையில் பட்டால் ஆணித்தலை அளவுக்கே வட்டமாகக் கொப்புளம் எழும்பும்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். பூட்டும் கொண்டியும் வைக்கவே வேண்டாம், தள்ளினால் திறக்கும் உருளைப் பிடி போதும். அடுப்புக்குக் கீழே 4 அங்குலக் காற்றுத் துவாரம், எதிர்ச்சுவரில் வாங்குக்கு அடியில் இன்னொன்று. உள்ளே மூச்சு முட்டுகிறது என்று சொல்பவர்களின் அறையில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று அடைபட்டிருக்கும்.

கல்லும் தண்ணீரும்

சவுனா அடுப்பில் கல் அடுக்கி, அது சூடானதும் தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்புவார்கள். அதற்குக் கடற்கரையில் பொறுக்கிய கல், ஆற்றுக் கல் எதுவும் ஆகாது. உள்ளே ஈரம் தங்கியிருந்தால் சூட்டில் வெடிக்கும். முருகைக்கல் சுண்ணாம்புக் கல்தான்; அடுப்புக்குள் அதை வைக்காதீர்கள். சவுனாவுக்கென்று விற்கும் கருமையான எரிமலைப் பாறைக் கல்லை வாங்குங்கள். ஒவ்வொன்றும் 2 முதல் 4 அங்குலம். கழுவி, பெரியதைக் கீழும் சிறியதை மேலுமாக அடுக்குங்கள். கம்பிச்சுருள் வெளியே தெரியக்கூடாது, அதற்காக இறுக்கித் திணிக்கவும் கூடாது. காற்றோட்டம் இல்லாவிட்டால் சுருள் எரிந்துபோகும். வருடத்துக்கு ஒருமுறை இறக்கி, பொடிந்ததை எறிந்துவிட்டு மறுபடி அடுக்குங்கள்.

கல்லில் ஊற்றுவது மழைநீர் அல்லது வடித்த நல்ல தண்ணீர். உவர்க் கிணற்று நீர் கல்லில் வெள்ளை படிய வைக்கும், சுருளை அரிக்கும். ஒரு தடவைக்கு ஒரு அகப்பை போதும். நொச்சியும் தேசி இலையும் வாசத்துக்கு வேண்டுமென்றால் வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, வடித்து ஊற்றுங்கள். தைல எண்ணெயை நேரே கல்லில் விட்டால் தீப்பற்றலாம். நம்மவர் வேது பிடிப்பது போல 45 பாகையில் நிறைந்த ஆவிதான் வேண்டுமென்றால் அதற்கு ரைல்ஸ் பதித்த வேறு அறை வேண்டும். பலகை அறையை அதற்குப் பாவித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

விருந்தினர் வந்தபின்

புதிய அடுப்பை முதல் தடவை கதவைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் வெறுமனே எரியவிடுங்கள், எண்ணெய் மணம் போகட்டும். பிறகு ஒவ்வொரு நாளும் ஆள் வருவதற்கு 40 நிமிடம் முன்பு போட்டால் சரி. புதியவர்களுக்கு 70 பாகை, கீழ் வாங்கு, 8 நிமிடம். பழகியவர்களுக்கு 15 நிமிடம். பிறகு அதே அளவு நேரம் திண்ணையில். மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். இடையில் தண்ணீரோ செவ்விளநீரோ குடிக்கக் கொடுங்கள். குடித்திருப்பவர், காய்ச்சல்காரர், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் உள்ளே போகக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் திறப்பைக் கொடுங்கள். நம் பக்கத்துக் குடும்பங்கள், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், அதைத்தான் விரும்புவார்கள். பருத்திச் சாரன், பெரிய துவாய் இரண்டு என்று கொடுத்துவிடுங்கள். நைலோன் உடுப்பு சூட்டில் உடம்போடு ஒட்டும்.

முடிந்ததும் வாங்கைத் துடைத்து, கதவைத் திறந்து, அடுப்பை இன்னும் 20 நிமிடம் எரியவிட்டுக் காயவையுங்கள். ஆளில்லாத நாட்களிலும் வாரம் ஒருமுறை மூட்டுங்கள். பல நாள் கிடந்த அடுப்பின் சுருள் உப்புக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழும். அப்போது ட்ரிப்பைத் தாண்டி நேரே வயர் கொடுக்கச் சொல்லும் ஆளை அனுப்பிவிட்டு, சுருளின் காப்பை அளந்து பார்க்கத் தெரிந்த மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.