ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம்: ரத்தம் எடுப்பதிலிருந்து ரிப்போர்ட் படிப்பது வரை

காதில் சீழ், நிமோனியா, சைனஸ் என்று மாறி மாறி வந்துகொண்டே இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் பரிசோதனை இது. ரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று வகை ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்கும் புரதம், இம்யூனோகுளோபுலின் என்றும் பெயர்) மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். குறிப்பிட்ட கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்பது வேறு டெஸ்ட். டெங்கு ஐஜிஎம் சீட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெறும் வயிற்றில் வர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பிரியாணியோ எண்ணெய் மிதக்கும் அத்தோவோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்ட கையோடு வராதீர்கள். பெரும்பாலான கருவிகள் ஒளி எவ்வளவு சிதறுகிறது, எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்தே அளக்கின்றன. கொழுப்பால் பால்போல் கலங்கிய சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) தானாகவே ஒளியைச் சிதறடித்து எண்ணைக் கெடுக்கும்.

ரத்தம் எடுக்கும் முன் கேட்டே ஆக வேண்டியவை: இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டிருக்கிறதா, ரத்தம் ஏற்றியிருக்கிறதா, ஸ்டீராய்டு, ஃபெனிட்டோயின் (வலிப்பு மருந்து), ரிட்டுக்ஸிமாப் (நோயெதிர்ப்பு அணுக்களைக் குறைக்கும் மருந்து) எடுக்கிறார்களா? ஐஜிஜியின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 3 வாரம். மாதாமாதம் இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொள்பவருக்கு அடுத்த டோஸுக்குச் சற்று முன்புதான் ரத்தம் எடுக்க வேண்டும். ஏற்றிய மறுநாள் எடுத்தால் மருந்தைத்தான் அளப்பீர்கள்.

மஞ்சள் மூடி ஜெல் ட்யூபில் பெரியவர்களுக்கு 3 முதல் 5 மி.லி. போதும். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நேரமானால் நீர் வெளியேறி, புரதம் கூடுதலாகத் தெரியும். ட்யூபை மெதுவாக 5 முறை கவிழ்த்து, நிமிர்த்தி, 30 நிமிடம் நிறுத்தி உறைய விடுங்கள். இங்கேதான் அவசரப்படுகிறார்கள். சரியாக உறையாத ரத்தத்தைச் சுழற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் இழைகள் மிதந்து கருவியின் ஊசியை அடைக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், ஹெப்பாரின் எடுப்பவர்களுக்கு இன்னும் நேரம் வேண்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் 10 நிமிடம்.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் கலெக்ஷன் சென்டர்களில் எடுத்த மாதிரி நகரின் வேறு மூலையிலுள்ள லேபுக்கு பைக்கில்தான் போகிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கினால் ஒரு மணி நேரம் சாதாரணம். ஐஜிஜி அவ்வளவு எளிதில் சிதையாது. ஆனால் சுழற்றாத ரத்தம் வெயிலில் குலுங்கினால் சிவப்பணு உடைந்து, லேப் மாதிரியைத் திருப்பிவிடும். ஆகவே சென்டரிலேயே சுழற்றி, சீரத்தைப் பிரித்து, 2 முதல் 8 டிகிரியில் குளிர்பெட்டியில் அனுப்புங்கள்.

பெரியவர்களுக்குத் தோராயமாக ஐஜிஜி 700–1600, ஐஜிஏ 70–400, ஐஜிஎம் 40–230 மி.கி./டெசிலிட்டர். சில லேப்கள் கிராம்/லிட்டரில் தரும். 100-ஆல் பெருக்கிப் பாருங்கள். வயது மிக முக்கியம். ஐந்து மாதக் குழந்தைக்கு ஐஜிஜி 300 இயல்பு, ஏனென்றால் தாயிடமிருந்து வந்தது தீர்ந்து, சொந்த உற்பத்தி அப்போதுதான் தொடங்குகிறது. முப்பது வயதுக்காரருக்கு அதே 300 கவலைக்குரிய குறைவு. பெரியவர்களின் அளவுகோலை அச்சடித்த ரிப்போர்ட்டைப் பார்த்துக் குழந்தையின் பெற்றோர் பதறுவது தேவையே இல்லாத வேதனை.

ஐஜிஜி குறைந்தால் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். நெஃப்ரோட்டிக் என்ற சிறுநீரக நோயில் அப்படித்தான் கசிகிறது. ஒன்று மட்டும் மிக உயர்ந்து மற்றவை தாழ்ந்திருந்தால் சீரம் புரத எலக்ட்ரோஃபோரெசிஸ் (சீரத்தின் புரதங்களை மின்சாரத்தால் வகை பிரித்துப் பார்க்கும் டெஸ்ட்) அவசியம்.

நான்கு வயதைக் கடந்தவருக்கு ஐஜிஏ 7-க்குக் கீழே இருந்து, மற்ற இரண்டும் இயல்பாக இருந்தால் ஐஜிஏ குறைபாடு. அவருக்கு சீலியாக் (கோதுமைப் புரதம் குடலுக்கு ஒவ்வாத) நோய்க்கான வழக்கமான ஐஜிஏ டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டும். ஐஜிஜி வகையைக் கேட்டு வாங்குங்கள். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் இந்த ரிப்போர்ட்டை ரத்த வங்கியில் முதலிலேயே காட்ட வேண்டும்.