உள்ளூர் கால்பந்து கிளப்பின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

முதலில் தேட வேண்டியது கூட்டக் குறிப்பேடும் வரவு செலவு நோட்டும். பந்து வாங்கிய கணக்கு இருந்தால் அந்த ஆண்டு கிளப் உயிரோடு இருந்திருக்கிறது.

பிறகு மூத்த ஆட்டக்காரர்கள். "எந்த வருஷம்?" என்று ஆரம்பித்தால் குழம்பிவிடுவார்கள். பழைய குழுப்படத்தை நீட்டி, இடமிருந்து வலமாகப் பெயர் கேளுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும். படத்தின் பின்புறம் பேனாவால் எழுதவே கூடாது, மை முன்பக்கம் ஊறிவிடும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள். படத்தை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) தெளிவில் ஸ்கேன் செய்யுங்கள்.

சொன்ன ஆண்டை விதிகளோடு ஒப்பிடுங்கள். மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 உலகக் கோப்பையில்தான் அறிமுகமாயின; 1965 ஆட்டத்தில் சிவப்பு அட்டை என்றால் ஆண்டோ அட்டையோ தவறு. வெற்றிக்கு 2 புள்ளி தந்த பழைய புள்ளிப் பட்டியலை இன்றைய 3 புள்ளி முறைக்கு மாற்றி எழுதாதீர்கள். அன்று கோப்பை வென்ற அணி தாளில் தோற்றுவிடலாம்.