கிளீனிங் ட்ரோலியில் துணிகளை எப்படி அடுக்குவது, எப்படிக் கொண்டுபோவது?

கோலாலம்பூரில் எந்த ஆபீஸ் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், மஞ்சள் பை தொங்கும் கிளீனிங் ட்ரோலி ஒன்று கண்ணில் படும். மோப்புக்கு ஒரு இடம் இருக்கும், வாளிக்கு ஒரு இடம் இருக்கும். துணிகள்தான் கண்ட இடத்தில் கிடக்கும். கைப்பிடியில் ஒன்று, ஸ்பிரே பாட்டிலின் கழுத்தில் ஒன்று, பிழிந்து வாளி விளிம்பில் போட்டது ஒன்று. இதில் எது எதைத் துடைத்தது என்று கேட்டால் ட்ரோலியைத் தள்ளுகிறவருக்கே தெரியாது.

துப்புரவு வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், நாலைந்து பேரை வைத்துக்கொண்டு சின்னதாகக் காண்டிராக்ட் எடுத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சுத்தம் செய்யும் மருந்து, மெஷின் எல்லாம் அப்புறம். முதலில் துணி. புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் பிடிவாதமாக இருப்பது ஒரே விஷயத்தில்தான்: ட்ரோலியில் துணிக்கு ஒருவழிப் பாதை. சுத்தமான பெட்டியிலிருந்து கைக்கு, கையிலிருந்து அழுக்குப் பைக்கு. துடைத்த துணி மறுபடி மேலே ஏறக் கூடாது. இனி வருவதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

படி 1: எத்தனை துணி என்று கணக்குப் போடுங்கள்

துணி பற்றாமல் போனால்தான் ஆட்கள் பழைய துணியை அலசி அலசித் துடைப்பார்கள். அதனால் எண்ணிக்கையில் தாராளமாக இருங்கள்.

ஒரு மாடியில் ஆண், பெண் என்று இரண்டு டாய்லெட், ஒரு பேண்ட்ரி (டீ, காபி கலக்கும் சின்ன அறை), மீதி ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு டாய்லெட்டுக்கும் கோப்பை, இருக்கை, சுற்றுச் சுவருக்கு இரண்டு துணி, வாஷ்பேசின், குழாய், கதவுப் பிடிக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. ஆக இரண்டு டாய்லெட்டுக்கு எட்டு. பேண்ட்ரிக்கு இரண்டு. மேசை, லிப்ட் பட்டன், மீட்டிங் ரூமுக்கு நான்கு. மொத்தம் 14. மூன்று மாடி பார்ப்பவருக்கு 42, காபி கொட்டினால் எடுக்கக் கூடுதலாகக் கொஞ்சம் என்று 50 துணியோடு கிளம்பினால் நடுவில் ஸ்டோருக்கு ஓட வேண்டாம். துணிகள் துவைத்துக் காய்ந்து வரும்வரை மறுநாளுக்கும் வேண்டுமே, அதனால் வாங்கும்போது இதைப்போல் இரண்டு மடங்கு வாங்க வேண்டும்.

இது அதிகம் என்று முதலாளி முகம் சுளிப்பார். 40க்கு 40 சென்டிமீட்டர் மைக்ரோபைபர் (மிக மெல்லிய செயற்கை இழை) துணியை மடித்துப் பயன்படுத்தினால் ஒன்றே எட்டு முறை புதுத் துணியாக வேலை செய்யும் என்பதைக் காட்டுங்கள். மடிப்பது எப்படி என்று மூன்றாவது படியில் வருகிறது.

படி 2: நிறம் பிரியுங்கள்

உலகம் முழுக்கப் பரவலாக இருக்கும் வழக்கம் இது: டாய்லெட்டுக்குச் சிவப்பு, உணவு தொடர்பான இடத்துக்குப் பச்சை, மேசை நாற்காலி போன்ற பொது இடத்துக்கு நீலம். மஞ்சளில் மட்டும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் அரசு மருத்துவமனைகளுக்கு 2007இல் வந்த நிறப் பட்டியலில் மஞ்சள் என்றால் தொற்று நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் அறை. ஆபீஸ் கட்டடங்களில் அதையே வாஷ்பேசினுக்கு வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் கட்டடத்தில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பாதிப் பேர் ஒன்று, மீதிப் பேர் இன்னொன்று என்று நடந்தால் நிறமே இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

நம் ஊரில் கூடவே ஒரு இடம் இருக்கிறது: சுராவ். தொழுகை அறைக்கும் ஒளு செய்யும் (தொழுகைக்கு முன் கை, கால் கழுவும்) இடத்துக்கும் தனித் துணி, தனிப் பை வையுங்கள். டாய்லெட் துணியோடு அது ஒரே பெட்டியில் இருப்பதை யாராவது பார்த்தால் மனம் புண்படும், நியாயமும்கூட. நாலு நிறமும் தீர்ந்துவிட்டால் வெள்ளைத் துணி வாங்கி, மூலையில் நூலால் ஒரு அடையாளம் தைத்துக்கொண்டால் போதும்.

நிறத்தில் இன்னொரு வசதி, மொழி வேண்டாம். தமிழ் அக்கா, நேபாளத்துத் தம்பி, இந்தோனேசியாவிலிருந்து வந்த காக்காக் (மலாயில் அக்கா) மூன்று பேரும் ஒரே ட்ரோலியை மாற்றி மாற்றித் தள்ளும் கட்டடங்கள் இங்கே நிறைய. ஆனால் சில ஆண்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும். டாய்லெட் துணியும் பேண்ட்ரித் துணியும் மாறிப்போக அது போதும். எனவே பெட்டி மூடியில் நிறத்தோடு ஒரு படமும் ஒட்டுங்கள்: டாய்லெட் கோப்பை, குழாய், கப், மேசை.

படி 3: மடித்து, மேல் தட்டில் மூடி வையுங்கள்

துணியைப் பாதியாக மடியுங்கள், இன்னொரு முறை பாதியாக மடியுங்கள். 20க்கு 20 சதுரம் கிடைக்கும். முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை துடைக்கலாம். பிறகு விரித்து, உள்ளே இருக்கும் பக்கம் வெளியே வருகிற மாதிரி மறுபடி மடியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு சதுரம், இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. சுருட்டிப் பிடித்துத் துடைத்தால் இந்த எட்டில் இரண்டுகூடச் சரியாகப் பயன்படாது. அழுக்கும் அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று பரவும்.

மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் மடிப்பு ஓரம் மேலே தெரிகிற மாதிரி நிறுத்தி வையுங்கள். கடையில் கார்டுகளை அடுக்கியிருப்பார்களே, அப்படி. ஒன்றை விரலால் பிடித்து இழுத்தால் பக்கத்துத் துணியில் கை படாது. படுக்க வைத்த அடுக்கில் மேலிருந்து எடுக்கும்போது ஈரக் கையுறை எல்லாவற்றையும் தொட்டுவிடும்.

டப்பாக்களுக்கு ட்ரோலியின் மேல் தட்டுதான் இடம். அந்தத் தட்டில் வேறு எதுவும் வேண்டாம். ஸ்பிரே பாட்டில்கள் அதே தட்டிலோ அதற்கு மேலே தொங்கும் கம்பியிலோ இருந்தால், சொட்டும் மருந்து துணியில்தான் இறங்கும். அவற்றை நடுத்தட்டுக்கு இறக்குங்கள். கைப்பிடியில் ஆடிக்கொண்டிருக்கும் தே ஐஸ் (ஐஸ் டீ) பையும் இறங்கத்தான் வேண்டும். எல்லா ட்ரோலியிலும் ஒன்று தொங்கும், எனக்குத் தெரியும்.

படி 4: துணியை நனைப்பது

இரண்டு வழி. துடைக்கும்போது மருந்தைத் துணியில் ஸ்பிரே செய்வது ஒன்று. ஆரம்பநிலைக்கு இதுவே போதும். காற்றில் அடிக்காதீர்கள், துணிக்குள் அடியுங்கள்.

மற்றது, கிளம்பும்முன்பே நனைத்து வைத்துக்கொள்வது. அதற்கு எடையைப் பாருங்கள். பாக்கெட்டில் சதுர மீட்டருக்கு 300 கிராம் என்று போட்டிருந்தால், 40க்கு 40 துணி ஒன்று 48 கிராம் வரும். பத்துத் துணி கிட்டத்தட்ட அரைக் கிலோ. அதே எடைக்கு, அதாவது அரை லிட்டர், கலந்த மருந்தை ஊற்றி, டப்பாவை மூடிக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். துணி முழுக்க ஈரம் ஏறும், பிழிய வேண்டிய அளவுக்குச் சொட்டாது. மேசைக்கு இந்த ஈரம் சரி. கிருமிநாசினி என்றால் பாட்டிலில் சொல்லியிருக்கும் நிமிடம்வரை பரப்பு ஈரமாக இருக்க வேண்டும், அதற்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

பழைய பனியன், துண்டு போன்ற பருத்தித் துணியைக் கிருமிநாசினியில் ஊறப்போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. குவாட் (quaternary ammonium) வகை மருந்தாக இருந்தால் பருத்தி அதைத் தனக்குள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் சரியாகக் கலந்திருந்தாலும் மேசைக்குப் போய்ச் சேரும் மருந்து குறைந்துவிடும்.

நனைத்த துணியை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் போல இருக்கும். மூடிய டப்பாவில் ராத்திரி முழுக்கக் கிடந்த ஈரத் துணியை மறுநாள் திறந்தால் மூக்கே சொல்லிவிடும்.

படி 5: அழுக்குத் துணிக்கு வாய் மூடும் பை

இங்கேதான் பெரும்பாலான ட்ரோலிகள் கோட்டை விடுகின்றன. சுத்தமான துணிக்கு அழகான டப்பா இருக்கும், துடைத்த துணிக்கு இடமே இருக்காது. இடம் இல்லாவிட்டால் துணி கைப்பிடிக்குத்தான் போகும்.

சுத்தமான டப்பாக்கள் ஒரு முனையில் இருந்தால், அழுக்குப் பை மறுமுனையில், கீழ்த் தட்டில். கயிறு இழுத்து மூடும் வலைப் பைகள் இரண்டு வாங்குங்கள்: ஒன்று சிவப்புத் துணிக்கு மட்டும், மற்றது மீதிக்கு. சுராவ் இருந்தால் அந்தத் துணிக்கு மூன்றாவதாக ஒன்று. ஈரம் ஒழுகாமல் இருக்க ஒவ்வொன்றையும் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் இறக்கி வையுங்கள். துவைக்கும்போது வலைப் பையோடு அப்படியே மெஷினில் போடலாம், ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிக்கும் வேலை இல்லை. ட்ரோலியோடு வரும் மஞ்சள் பை குப்பைக்கு. துணியை அதில் போட்டால் சாயங்காலம் குப்பையோடு குப்பையாகப் போய்விடும், மாதக் கடைசியில் துணி எங்கே என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

குளோரின் ப்ளீச் பட்ட துணியும், டாய்லெட் கோப்பை கழுவும் ஆசிட் பட்ட துணியும் ஒரே பையில் சேரக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய ஸ்டோரில் பையைத் திறப்பவரின் கண்ணையும் மூச்சையும் அது பதம்பார்க்கும். ஒரே ஷிப்டில் இரண்டையும் பயன்படுத்தாமல் இருப்பதுதான் சுலபம்.

மரச் சாமானுக்குப் போடும் எண்ணெய், குறிப்பாக ஆளிவிதை எண்ணெய் கலந்தது, பட்ட துணியைப் பையில் திணிக்கவே வேண்டாம். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். குவியலுக்குள் சூடு வெளியேற முடியாமல், தீக்குச்சியே இல்லாமல் துணி பற்றிக்கொள்ளும். அதைத் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டின்னில் தனியாக வையுங்கள்.

படி 6: ட்ரோலியை நகர்த்துவது

பேண்ட்ரி, ஆபீஸ், கடைசியாக டாய்லெட் என்று போங்கள். சுத்தமான இடம் முதலில், அழுக்கான இடம் பிறகு. டாய்லெட்டுக்குள் ட்ரோலியைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். வாசலில் சுவரோரமாக, வழியை மறைக்காமல் நிறுத்தி, "அவாஸ்! லந்தாய் லிச்சின்" (கவனம்! தரை வழுக்கும்) பலகையை வைத்துவிட்டு, அந்த டாய்லெட்டுக்கு வேண்டிய துணியை மட்டும் சின்ன வாளியில் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். வெளியே வரும்போது துடைத்த துணி நேராக அழுக்குப் பைக்கு, அப்புறம் கையுறையைக் கழற்றுங்கள். சிவப்புத் துணி பிடித்த கையுறையோடு லிப்ட் பட்டனை அமுக்கினால் இத்தனை நிறம் பிரித்ததும் வீண்.

ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்குப் போக வேண்டுமானால் மூடிகளை அழுத்தி மூடுங்கள். மத்தியானம் மூன்று, நான்கு மணிக்கு மழை பிடித்தால், கூரை போட்ட நடைபாதையில்கூடச் சாரல் அடிக்கும்.

படி 7: ஷிப்ட் முடிந்ததும்

போனது 50 என்றால் வந்தது 50 இருக்கிறதா என்று எண்ணுங்கள். சிவப்பைத் தனியாகத் துவையுங்கள். மைக்ரோபைபருக்கு வாசனை சாஃப்ட்னர் வேண்டாம், அது இழைகளில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். குளோரின் ப்ளீச்சும் வேண்டாம். பருத்தியோடு சேர்த்துப் போட்டால் பருத்திப் பஞ்சு எல்லாம் இதில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் எவ்வளவு என்று துணியின் லேபிளைப் பாருங்கள், 60 டிகிரி செல்சியஸ் தாங்கும் துணிகள் சாதாரணமாகவே கிடைக்கின்றன. பக்கத்துச் செல்ஃப் சர்வீஸ் டோபிக்கு எடுத்துப் போகாதீர்கள், அங்கே மற்றவர்கள் குழந்தைத் துணி துவைக்கிறார்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகே டப்பாவுக்குள். ஜன்னல் இல்லாத ஸ்டோர் என்றால் ஒரு பேன் வைத்துக் கொடியில் இடைவெளி விட்டுப் போடுங்கள். தீயணைப்புப் படிக்கட்டின் கைப்பிடியில் காயப் போடும் பழக்கத்தை விடுங்கள், அந்த வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ட்ரோலியின் கைப்பிடி, தட்டுகள், டப்பா மூடிகளையும் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

துணியை எப்போது தூக்கிப் போடுவது? மேசையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு இழுத்துப் பாருங்கள். உறிஞ்சாமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போனால் அதன் காலம் முடிந்தது. அப்படிப்பட்ட நீலத் துணியின் ஒரு மூலையை வெட்டிவிட்டு, கார் பார்க் குப்பைத் தொட்டி துடைக்க வைத்துக்கொள்ளலாம். மூலை வெட்டிய துணி எதுவும் மேல் தட்டு டப்பாவுக்குள் போகக் கூடாது என்று ஸ்டோர் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.