புக் ஷெல்ஃபை பூட்டி வெக்காதீங்க: பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷனை நாலு பேருக்கு குடுக்குறது எப்படி

வேளச்சேரில எங்க அபார்ட்மெண்ட்ல என் புக் ஷெல்ஃபை எல்லாருக்கும் தொறந்து விட்டு ரெண்டு வருஷம் ஆகுது, முக்கால்வாசி சயின்ஸ் ஃபிக்‌ஷன் தான், வெளில போனதுல ஒண்ணே ஒண்ணு தவிர எல்லாம் பத்திரமா திரும்பி வந்திருக்கு. எப்படின்னு கேக்குறவங்களுக்காக எழுதுறேன்.

மொதல்ல போட்டோ. எக்ஸெல்ல லிஸ்ட் போட்டு அனுப்பிப் பாத்தேன், யாரும் எதுவும் கேக்கல. அப்புறம் ஒரு தட்டுக்கு ஒரு போட்டோன்னு காலை வெளிச்சத்துல எடுத்து வாட்ஸப் குரூப்ல போட்டேன், அன்னிக்கு சாயங்காலமே மூணு பேர் பெல் அடிச்சாங்க. ஃப்ளாஷ் போடாதீங்க, வழவழப்பான அட்டைல பேரே தெரியாம வெள்ளையா போயிடும்.

அடுத்து ஒரு நோட்டு. புக் பேர், வாங்குறவங்க பேர், தேதி, அவ்ளோதான், ஆனா அவங்க கையாலயே எழுதச் சொல்லுங்க, தன் கையெழுத்துல எழுதினது மறக்காது. ஒரு தடவைக்கு ஒரு புக்.

இப்ப முக்கியமான விஷயம், யாருக்கு எதைக் குடுக்குறது. நமக்கு ரொம்ப புடிச்சதை மொத தடவையே தூக்கிக் குடுக்குற தப்பை நானும் பண்ணிருக்கேன், மாடி வீட்டு அக்காவுக்கு எடுத்த எடுப்புல அசிமோவோட ஃபவுண்டேஷன் குடுத்தேன், முப்பது பக்கத்தோட திரும்பி வந்துடுச்சு. அவங்க மேல தப்பே இல்ல, அதுல ஆளுங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, வருஷம் தாவித் தாவிப் போகும், பழக்கமில்லாதவங்களுக்கு பிடிமானம் கிடைக்காது. அதுக்கப்புறம் அவங்களுக்கு சுஜாதாவோட என் இனிய இயந்திரா குடுத்தேன். ஜீனோன்னு ஒரு ரோபோ நாய், எண்பதுகள்ல விகடன்ல தொடரா வந்த கதை. ரெண்டே நாள்ல முடிச்சுட்டு மீண்டும் ஜீனோ இருக்கான்னு கேட்டு வந்து நின்னாங்க. அங்கேருந்து அசிமோவோட ஐ, ரோபோட் சிறுகதைகள், 1950ல தொகுப்பா வந்தது, மனுஷனுக்கு தீங்கு பண்ணக் கூடாதுன்னு ஆரம்பிக்குற மூணு விதியும் அதுல வரும், ஒவ்வொரு கதையும் அந்த விதி எங்க சிக்கிக்குதுன்னு ஒரு புதிர் மாதிரி போகும். அதை முடிச்சுட்டு அவங்களே ஃபவுண்டேஷனை மறுபடி எடுத்துட்டுப் போனாங்க.

இங்கிலீஷ் புக்கு இப்பதான் ஆரம்பிக்குற ஸ்கூல் பசங்களுக்கு வெல்ஸோட டைம் மெஷின், 1895ல வந்தது, நூறு பக்கம் சொச்சம் தான், 802701ம் வருஷத்துக்குப் போறான்னு சொன்னாலே கண்ணு விரியும். புக்குன்னா உசுரு விடுறவங்களுக்கு பிராட்பரியோட ஃபாரன்ஹீட் 451, புக்கு வெச்சிருந்தாலே எரிச்சுடுற ஒரு ஊரோட கதை, கேள்வியே வேண்டாம். கோயில் குளம்னு போற பெரியவங்களுக்கு கிளார்க்கோட ராமா, முழுப்பேரு ராண்டவூ வித் ராமா. அம்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு உருளை சூரிய குடும்பத்துக்குள்ள வருது, கிரேக்க ரோமானிய சாமி பேரெல்லாம் தீந்து போய் நம்ம சாமி பேரை வெச்சிருக்காங்கன்னு கதைலயே வரும், அதைச் சொன்னதும் கீழ் வீட்டு மாமா கண்ணாடியைத் தேடி எடுத்தார்.

சுஜாதாவையும் கிளார்க்கையும் நான் ஒட்டி ஒட்டி வெச்சிருக்கேன். கிளார்க் 1956லேருந்து இலங்கைல தான் இருந்தார், ரெண்டு பேருமே 2008ல மூணு வார இடைவெளில போயிட்டாங்க, அந்த ஒரு மாசம் எனக்கு வீட்டுல யாரோ இல்லாத மாதிரி இருந்துச்சு.

பராமரிப்பு பத்தி கொஞ்சம். 2015 வெள்ளத்துல கீழ் ரெண்டு தட்டு அப்படியே முங்கிப் போச்சு, அதுலேருந்து தரைலேருந்து மூணு அடிக்குக் கீழ புக்கே வெக்குறதில்ல. நனைஞ்ச புக்கை வெயில்ல போடாதீங்க, முறுக்கிக்கும், நடுநடுல நியூஸ் பேப்பர் வெச்சு ஃபேன் காத்துல காய வைங்க, பேப்பர் ஈரமானதும் மாத்துங்க. மழைக்காலத்துல ராமபாணப் பூச்சி வரும், செவுத்தோட ஒட்டாம நாலு விரக்கடை தள்ளி ஷெல்ஃபைப் போட்டு, வசம்பை துணில முடிஞ்சு ஒரு தட்டுக்கு ஒண்ணு வைங்க. கிழிஞ்ச பக்கத்துக்கு செல்லோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம், நாளாக ஆக மஞ்சளாகி எழுத்தையும் சேத்துக் கெடுத்துடும்.

புதுசா சேக்கணும்னா ஜனவரி புத்தகக் காட்சி இருக்கு, ஆனா பழைய பதிப்புக்கு திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு பிளாட்பாரம் தான். என் ராமா அங்க கிடைச்சது தான், உள்ள யாரோ பச்சை இங்க்ல பேர் எழுதி, 47வது பக்கத்துல ஒரு பல்லவன் பஸ் டிக்கெட்டை வெச்சிருந்தாங்க, நான் அதை எடுக்கவே இல்ல.

திரும்பி வராத அந்த ஒண்ணு இந்த ராமா தான். மாமாகிட்டேருந்து அவர் பேரன் காலேஜ் ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போனான், இப்ப அங்க நாலாவது பையன் படிச்சிட்டிருக்கானாம். நோட்டுல அந்த வரியை அடிக்கல, போன் பண்ணிக் கேட்டு நாலு பேரையும் பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன், டிக்கெட் இன்னும் 47வது பக்கத்துலயே இருக்குதாம்.